எதில் கழியும்?

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் சந்திரமோகனை எல்லோரும் ஆடிட்டர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஆடிட்டர் இல்லை. சி.ஏ. படிப்பதற்காக அவருடைய அப்பா அதியமான்கோட்டையில் ஒன்றரை ஏக்கரை விற்று அவரைச் சேலத்துக்கு அனுப்பினார். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டுவிட்டு, கோட்டைக்கே திரும்பி வந்தார். அதன் பிறகு ஓர் அசல் ஆடிட்டரிடம் பதினெட்டு வருடம் உதவியாளர். அந்த மனிதர் காலமானதும் தனியாக ஒரு மேசை போட்டார்.

பலகையில் 'வருமான வரி ஆலோசகர்' என்று ஒழுங்காகத்தான் எழுதி வைத்தார். ஆனால் பலகையை யார் படிக்கிறார்கள்? முதல் நாள் வந்த ஒருவர், "ஆடிட்டர் சார் இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பை மாம்பழத்தை மேசைமேல் வைத்தார். திருத்தலாம் என்று சந்திரமோகன் வாயைத் திறந்தார். மாம்பழ வாசனை வந்தது. வாய் மூடிக்கொண்டது. இருபது வருடமாக அந்த விஷயத்துக்காக அது திறக்கவே இல்லை. யாரையும் ஏமாற்றி ஒரு பைசா வாங்கியவர் இல்லை அவர். ஆனால் தனக்குச் சாதகமாக யாராவது தப்பாகப் புரிந்துகொண்டால், அதைத் திருத்தப் போகமாட்டார். அவரிடம் இருந்த கெட்ட குணம் என்று சொன்னால் இது ஒன்றுதான். இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. சம்பளக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எல்.ஐ.சி. கட்டினது கழியுங்களா சார்?" கழியும். "பையனோட ஸ்கூல் ஃபீஸ்?" கழியும். "மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் பண்ணினது?" அது கழியாது.

இந்தக் 'கழியும்' என்ற சொல் இருக்கிறதே, அது பாதி விஷயத்தைத்தான் சொல்லும். எதில் கழியும் என்று சொல்லாது. வருமானத்தில் ஆயிரம் ரூபாய் கழிந்தால், அந்த ஆயிரத்துக்கு உண்டான வரி மட்டும்தான் மிச்சம், இருநூறோ முந்நூறோ. வரியிலேயே ஆயிரம் கழிந்தால் முழு ஆயிரமும் மிச்சம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். சந்திரமோகனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆரோக்கியராஜ் அந்த மாடியேறி வந்தார். ஏரியூர்க்காரர், அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரியூர்ப் பக்கத்தில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் தருமபுரி வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் அவர்களுக்கு உயிர். சிகிச்சை இலவசம். வந்துபோவதுதான் பாடு. பென்னாகரத்தில் பஸ் மாறி வரவேண்டும். நான்கு மணி நேரம் மிஷினில் படுத்து எழுந்த உடம்போடு, தலை கிறுகிறுக்க, அதே மாதிரி திரும்பவும் மாறிப் போகவேண்டும். ஆரோக்கியராஜ் தன் ஓய்வூதியப் பணத்தில் பழைய வேன் ஒன்றை வாங்கி, ஒரு டிரைவரைப் போட்டு, பேருக்கு ஒரு டிரஸ்டும் ஆரம்பித்திருந்தார். வாங்கியாகிவிட்டது. டீசலுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

"நன்கொடை குடுத்தா வரிச்சலுகை உண்டுன்னு சொல்றாங்களே சார், அந்த எண்பது ஜி, அது எங்க டிரஸ்டுக்கு வாங்க முடியுங்களா?" என்று கேட்டார்.

சந்திரமோகன் ஒரு பைசா வாங்காமல் எல்லாக் காகிதங்களையும் தயார் செய்து அனுமதி வாங்கிக் கொடுத்தார். அத்தோடு நிற்காமல், பிப்ரவரியில் வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். "ஏரியூர் வேனுக்கு ஒரு அஞ்சாயிரம் குடுத்துடுங்க சார். ரொக்கமா வேண்டாம், ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கம் செல்லாது. செக்காவோ போன்லயோ போட்டுடுங்க. ரசீது வரும். கழிஞ்சிரும்."

கேட்டவர்களுடைய முகம் மலர்ந்தது. எப்படியும் வரியாகப் போகிற ஐயாயிரம்தானே, அது வேனுக்குப் போனால் புண்ணியமாவது கிடைக்கும் என்று நினைக்கிறார்கள் என்பது சந்திரமோகனுக்குப் புரிந்தது. உண்மைக் கணக்கு வேறு. ஐயாயிரம் கொடுத்தால் அதில் பாதிதான், அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறுதான், வருமானத்தில் கழியும். இருபது சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் கட்டுகிறவருக்கு அதனால் மிச்சமாவது ஐந்நூற்று இருபது ரூபாய். மீதியெல்லாம் கொடுத்தவருடைய கைக்காசு. அதைச் சொன்னால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள் என்று அவர் நினைத்தார். நல்ல காரியம்தானே, நாம் என்ன பொய்யா சொன்னோம், கழியும் என்றோம், கழிகிறது.

மணிமேகலை டீச்சர் மட்டும் முதல் வருடம் அந்தக் கணக்குத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். தன் பள்ளி, பக்கத்துப் பள்ளிகள் இரண்டு, மூன்றுக்கும் சேர்த்து முப்பத்தொரு பேருடைய காகிதங்களை ஒரே கவரில் கொண்டுவருவார். கண்டுபிடித்துவிட்டார் என்று சந்திரமோகன் நினைத்தார். டீச்சர் தாளை மடித்துக் கவரில் வைத்து, "சரிங்க சார், எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பித்தோம் என்று சந்திரமோகன் டீ வரவழைத்துக் குடித்தார்.

வேன் ஓடியது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆறு பேரையும் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, நிறுத்த இடம் இல்லாததால் சந்திரமோகனின் மாடிக்குக் கீழேதான் வந்து நிற்கும். சிகிச்சை முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். முதலில் வருவது மாயவன். ஏரியூரில் பஞ்சர் கடை வைத்திருந்தவர், நாற்பது வயதைத் தாண்டாதவர். இடது கையில் மிஷின் ஊசிக்காகப் புடைத்த நரம்பைத் துண்டால் மூடிக்கொண்டு, மாடிப்படியின் கடைசிக் கல்லில் உட்காருவார். சந்திரமோகன் இறங்கி வந்தால், "சாரு, பை டூ சொல்லட்டுங்களா?" என்பார். ஒரு டீயை இரண்டாக ஊற்றி வாங்குவதைப் பெங்களூருக்கு லாரியில் போய்வந்த நாளில் பழகியிருந்தார். நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்குமேல் குடிக்கக்கூடாது என்று டாக்டர் அவருக்குக் கட்டளை. அந்த அரை டம்ளர் டீயை அரை மணி நேரம் குடிப்பார்.

மாயவனுக்குக் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் டிரஸ்ட் ரசீதுகளை அவர்தான் எழுதுவார். பெயர், விலாசம், பான் எண் எல்லாம் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் தானாகவே ஒரு வரி சேர்ப்பார். 'வண்டி ஓடுதுங்க. நன்றி. மாயவன்.' வருமான வரிக்கு இதெல்லாம் தேவையில்லை என்று சந்திரமோகன் ஒருமுறை சொன்னார். "வரிக்கு எழுதலீங்க சாரு, குடுத்தவங்களுக்கு எழுதறேன்" என்றார் மாயவன்.

பத்து வருடம் இப்படிப் போயிற்று. அப்புறம் புது வரிமுறை வந்தது. அதில் வரி குறைவு, ஆனால் இந்தக் கழிவெல்லாம் கிடையாது. சந்திரமோகன் ஒவ்வொருவருக்கும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தார். பழையதைவிடப் புதியதில்தான் முக்கால்வாசிப் பேருக்கு லாபம். அப்படியே மாற்றிவிட்டார். அது அவர் தொழில், அதில் தப்பு இல்லை. மாற்றும்போது கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார். "வேனுக்குக் குடுக்கறது இனிமே கழியாதுங்க." மணிமேகலை டீச்சர் வந்த அன்று படிவரை கூட்டம். கவரை வாங்கி வைத்தபடியே, "வேன் ரசீது இனிமே வேண்டாங்க டீச்சர்" என்று ஒரே வரியில் முடித்தார். டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர் தன் தாளை நீட்டிவிட்டார்.

மார்ச் மாதக் கடைசியில் ஆரோக்கியராஜ் ரசீதுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"போன வருசம் எழுபத்தெட்டு ரசீது போட்டோம் சார். இந்த வருசம் பத்தொம்பதுதானுங்க. ஒருத்தர்கிட்டயும் நான் போய்க் கேட்டதில்ல, எல்லாமே நீங்க சொல்லி வந்தவங்க. இப்பவும் நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"பேசறேங்க" என்றார் சந்திரமோகன்.

பேசவில்லை. என்னவென்று பேசுவது? வரியில் ஒன்றும் கிடைக்காது, ஆனாலும் கொடுங்கள் என்று கேட்டால், இதுவரை என்ன கிடைத்தது என்று எதிர்க்கேள்வி வரும். ஐந்நூற்று இருபது என்று சொல்லவேண்டியிருக்கும். பத்து வருடம் எங்களை ஏய்த்தீர்களா என்பார்கள். இருநூறு குடும்பங்களின் பிழைப்புக் கணக்கு அவர் அலமாரியில் இருந்தது. அவ்வளவு பேரும் எழுந்து போய்விட்டால் ஐம்பத்தெட்டு வயதில் அவர் எங்கே போவார்? கூச்சமும் பயமும் சேர்ந்து அவர் நாக்கைக் கட்டிப்போட்டன. தன் பங்காகப் பதினைந்தாயிரத்தை ஆரோக்கியராஜுக்கு அனுப்பிவிட்டு, தன்னால் ஆனதைச் செய்துவிட்டதாக மனதைச் சமாதானம் செய்துகொண்டார். அந்தப் பணம் மூன்று வாரத்துக்கு வந்தது.

ஆரோக்கியராஜ் மேலும் ஒரு வருடம் மனைவியின் நகையை வைத்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் ஓட்டினார். அடுத்த பிப்ரவரியில் பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லை என்று அறிவிப்பு வந்தது. ஆசிரியர்கள் மாடியில் லட்டு கொடுத்தார்கள். ஜூன் மாதம் வேன் நின்றது.

ஆறு பேரில் இரண்டு பேர் தருமபுரியிலேயே வாடகைக்கு அறை பார்த்து வந்துவிட்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். மாயவன் இறங்கியதும் பழக்கத்தில் மாடிப்படிக்குத்தான் வருவார். "பஸ்ல என்னங்க சாரு, காத்தாட வரலாம்" என்றார் முதல் வாரம். ஆகஸ்டில் வியாழக்கிழமைகளில் அவரைக் காணோம்.

"ஏன் வியாழக்கிழமை வரல?" என்று கேட்டார் சந்திரமோகன்.

"ஒரு நாளு வுட்டா ஒண்ணும் ஆவாதுங்க. பஸ்ஸுல நின்னுகிட்டு வந்தா வூட்டுக்குப் போறதுக்குள்ள உசுரு போவுது."

முகம் ஊதிப்போயிருந்தது. டீ வேண்டாம் என்றார். சந்திரமோகன் பதறிப்போய் ஒரு வாடகைக் கார் பிடித்து அனுப்பினார். இனிமேல் வாரம் ஒரு நாளாவது கார் வைக்கிறேன் என்றார். மாயவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாங்க சாரு. இன்னும் மூணு பேரு இருக்காங்க. வண்டி எப்ப ஓடும்னு மட்டும் சொல்லுங்க, அதுவரைக்கும் சமாளிச்சுக்கறேன்."

"ஓடிரும்" என்றார் சந்திரமோகன். அதைவிடக் கேவலமான சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. மாயவன் அதை நம்பினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. மாயவன் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. சனிக்கிழமை காலையில் மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

சந்திரமோகன் ஏரியூர் போனார். பஞ்சர் கடைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் ஓரத்தில் அந்த வேன், காற்று இறங்கிய டயரோடு நின்றது. மாயவனின் மனைவி அன்பரசி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்துவந்து கும்பிட்டாள்.

"உங்க பேச்சேதாங்க எப்பவும். ஆடிட்டர் சாரு ஏதாச்சும் பண்ணுவாரு, வண்டி ஓடிரும்னு சொல்லிட்டிருந்தாரு. நேத்து ராத்திரி கூட சொன்னாருங்க."

குறை சொல்லும் எண்ணமே அவளுக்கு இல்லை. நன்றி சொல்கிற குரல் அது. சந்திரமோகனால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு மாலையைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினார். பென்னாகரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றார். கால் வலித்தது. மாயவன் இதை நான்கு மாதம் செய்தார் என்ற நினைப்பு வந்ததும் பஸ் நிலையம் என்றும் பாராமல் அழுதுவிட்டார்.

இந்த வருடம் பிப்ரவரியில் மணிமேகலை டீச்சர் வழக்கம்போல முப்பத்தொரு பேருடைய கவரோடு வந்தார். வரியே இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யவேண்டுமே. சந்திரமோகன் அவருக்காகவே அன்று வேறு யாரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். தீபாவளியிலிருந்தே தூக்கம் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. போகிறவர்கள் போகட்டும் என்று முடிவெடுத்திருந்தார்.

"டீச்சர், ஒரு உண்மையைச் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. மொதல்ல ஒண்ணு, நான் ஆடிட்டர் இல்லீங்க."

"தெரியும் சார். கீழ போர்டுல போட்டிருக்குதே" என்றார் டீச்சர்.

சந்திரமோகன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அந்த வேன் ரசீதுங்க. கழியும் கழியும்னு சொல்லி உங்கள எல்லாம் குடுக்க வெச்சனே, நீங்க அஞ்சாயிரம் குடுத்ததுக்கு உங்களுக்கு மிச்சமானது..."

"ஐநூத்தி இருபது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கு டீச்சர்ங்க நான்" என்று சிரித்தார் மணிமேகலை. "மொத வருசமே ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காமிச்சேன். சார் சாமர்த்தியமா கேக்கறாருன்னு ஒரே சிரிப்பு. அப்பறம் எங்க சுகுணா டீச்சர்தான் சொன்னாங்க, ஐநூத்தி இருபதுக்கா யாராச்சும் குடுப்பாங்க, ஆறு பேரு வந்துபோறாங்க இல்ல, குடுப்போம்னு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லலீங்க."

"பின்ன ஏன் டீச்சர் நிறுத்தினீங்க?"

"நீங்கதானே சார் இனிமே வேண்டாம்னு சொன்னீங்க? வண்டிக்கு வேற ஏற்பாடு ஆயிருச்சுன்னு நினைச்சோம். அரசாங்கமே வண்டி வுடுதுன்னு யாரோ சொன்னாங்க. மத்த ஸ்கூல்ல கேட்டவங்களுக்கும் நான்தான் அப்படியே சொன்னேன்." டீச்சர் கவரைப் பிரித்துக் காகிதங்களை மேசைமேல் வைத்தார். "எனக்கு ஒண்ணுதான் வருத்தம். ரசீதுக்குப் பின்னாடி ஒருத்தர் எழுதுவாரே, வண்டி ஓடுதுங்கன்னு. அது வர்றது நின்னு போச்சு. எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கறேன் சார், பத்தும் இருக்குது. அவரு நல்லா இருக்காருங்களா?"

கீழே தெருவில், முன்பு வேன் நின்ற இடத்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தினார்கள்.

"இல்லீங்க டீச்சர்" என்றார் சந்திரமோகன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ஆரோக்கியராஜ் ரசீதுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்ததை, தான் பேசறேன் என்றதை, ஓடிரும் என்றதை. ஒன்றையும் மறைக்கவில்லை.

டீச்சர் பிரித்த காகிதங்களைத் திரும்ப அடுக்கினார். திட்டுவார், கவரை எடுத்துக்கொண்டு எழுந்து போவார் என்று சந்திரமோகன் காத்திருந்தார். போயிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முப்பத்தொரு பேரு சார்" என்றார் மணிமேகலை. "எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆரோக்கியராஜின் போன் நம்பரைக் கேட்டார். சந்திரமோகனுக்கு அது மனப்பாடம். சொன்னார். டீச்சர் எழுதிக்கொண்டார்.